ஒரு எம்.எல்.ஏ.வின் கதையைத் தெரிந்துகொள்ள: தேர்தல் ஆணையத்தின் புள்ளிவிவர அறிக்கைகள்

புதுச்சேரியில் ரங்கசாமியைப் பற்றிப் பேச ஆளுக்குப் பஞ்சமே இல்லை. பைக்கில் போகும் முதல்வர், அப்பா பைத்தியம் சாமி என்ற சித்தரின் பக்தர் என்பதெல்லாம் ஊருக்கே தெரியும். ஆனால் எந்த வருடம் எந்தத் தொகுதியில் நின்றார், யாரிடம் தோற்றார் என்று கேட்டுப் பாருங்கள், ஆளுக்கு ஒரு கதை சொல்வார்கள். அதற்குத்தான் இந்தியத் தேர்தல் ஆணையத்தின் இணையதளத்தில் இருக்கும் புள்ளிவிவர அறிக்கைகளை எல்லோருக்கும் சொல்லிக்கொண்டிருக்கிறேன். காசு கிடையாது. ஒவ்வொரு சட்டமன்றத் தேர்தலுக்கும் தொகுதிவாரியாக யார் யார் நின்றார்கள், என்ன கட்சி, எத்தனை வாக்கு என்று எல்லாம் இருக்கிறது.

இதில் எனக்கு ரொம்பப் பிடித்தது, போஸ்டரில் வராத தோல்விகளும் இருப்பதுதான். 1990இல் தட்டாஞ்சாவடியில் ஜனதா தளத்தின் பெத்தபெருமாளிடம் ரங்கசாமி தோற்றது, அடுத்த வருடமே வந்த தேர்தலில் அதே தொகுதியில் ஜெயித்தது, அங்கிருந்தே 1996, 2001, 2006 என்று தொடர்ந்து வந்தது, காங்கிரஸை விட்டு வெளியே வந்து தனிக்கட்சி தொடங்கிய சில மாதங்களில், 2011இல், கதிர்காமம், இந்திரா நகர் இரண்டிலும் ஜெயித்தது, எல்லாவற்றையும் வரிசையாகப் பார்க்கலாம். 2021 அறிக்கையில் தட்டாஞ்சாவடி வெற்றிக்குப் பக்கத்திலேயே ஏனாமில் ஒரு சுயேச்சையிடம் 700க்கும் குறைவான வாக்கில் தோற்றதும் இருக்கும்.

ஆனால் இதை மட்டும் வைத்து ஒருவரின் அரசியல் வாழ்க்கையை எழுதிவிட முடியாது. இடைத்தேர்தல் இதில் சேராது, தனியாகத்தான் தேட வேண்டும். 2001 தேர்தலுக்குப் பிறகு முதலில் முதல்வரானவர் சண்முகம், சில மாதங்களில் அந்த இடத்துக்கு ரங்கசாமி வந்தார், அது ஏன் என்று இந்த அட்டவணை சொல்லாது. சட்டமன்றத்தில் என்ன பேசினார், தொகுதிக்கு என்ன செய்தார் என்பதும் இருக்காது.

அப்புறம் தொகுதி மறுவரையறையை, அதாவது தொகுதிகளின் எல்லைகளை மாற்றி அமைத்ததை, மனதில் வைத்துக்கொள்ளுங்கள். கதிர்காமமும் இந்திரா நகரும் 2006 பட்டியலில் கிடையாது, மாஹே பகுதியில் இருந்த பள்ளூர் 2011 பட்டியலில் கிடையாது. நெட்டப்பாக்கத்தில் பல வருடம் ஜெயித்த வைத்திலிங்கம் திடீரென்று காமராஜ் நகரில் இருப்பார், நெட்டப்பாக்கம் பட்டியல் சாதியினர் மட்டுமே நிற்கக்கூடிய தனித்தொகுதியானதுதான் காரணம். இது தெரியாமல் படித்தால் ஏதோ தொகுதியை விட்டு ஓடிவிட்டார் என்று நினைத்துவிடுவோம், அது அவருக்குச் செய்யும் அநியாயம்.

முதல் முறை ஓட்டுப் போடுகிறவர்கள் இதைக் கட்டாயம் பார்க்க வேண்டும். கூடவே வேட்பாளர்களின் பிரமாணப் பத்திரத்தையும் திறந்து, ஒரே ஆளின் 2016 சொத்துக் கணக்கையும் 2021 கணக்கையும் பக்கத்தில் வைத்துப் படியுங்கள். உங்கள் தெரு எம்.எல்.ஏ.வில் இருந்தே ஆரம்பிக்கலாம்.