கடலா, சதுக்கமா? நான்கு ஆண்கள் சென்ட்டுகள்

மத்தியதரைக் கடலின் பெயரைச் சொல்லி விற்கும் சென்ட்டுகளில் பெரும்பாலானவை கடலைத்தான் புட்டியில் அடைக்கின்றன. ஊரை அடைப்பவை குறைவு. எனக்கு வேண்டியது ஊர், அதுவும் ஊர் நடுவே இருக்கும் சதுக்கம்: காலையில் கழுவிவிட்ட கல்தரை, காப்பிக்கடை, சலூனிலிருந்து வரும் ஷேவிங் சோப்பு வாசம், இஸ்திரிச் சூடு ஆறாத சட்டை, ஓரமாக ஒரு கசப்பு ஆரஞ்சு மரம். இதை மனதில் வைத்துத்தான் நான்கையும் முகர்ந்து பார்த்தேன்.

அர்மானியின் அக்வா டி ஜியோ 1996ல் வந்தது. சிசிலிக்கும் துனிசியாவுக்கும் நடுவே உள்ள பான்டெல்லேரியா தீவை நினைத்துச் செய்தது; அங்கே அர்மானிக்கு வீடு இருந்தது. அடித்ததும் பெர்கமட் என்ற எலுமிச்சை இனப் பழத்தின் வாசம், சில நிமிடங்களில் உப்புக்காற்று. அந்த உப்புக்காற்றைத் தருவது கலோன், 1966ல் ஃபைசர் ஆய்வகத்தில் பிறந்த செயற்கைப் பொருள். தர்பூசணித் தோலும் கடல்நுரையும் சேர்ந்தாற்போல் மணக்கும். சென்ட்டில் குறை இல்லை. ஆனால் இது தீவோடு நின்றுவிடுகிறது. போதாததற்கு, எந்த லிஃப்டில் ஏறினாலும் யாராவது ஒருவர் இதைப் போட்டிருப்பார்.

டோல்சே அண்ட் கபானாவின் லைட் ப்ளூ பூர் ஓம் 2007ல் வந்தது. அக்வா டி ஜியோவில் கைவைத்த ஆல்பர்ட்டோ மொரியாஸ்தான் இதையும் செய்தார். விளம்பரத்தில் மாடல் டேவிட் காண்டி, படகு, இத்தாலியின் காப்ரித் தீவில் உள்ள ஃபாராலியோனி பாறைகள். காப்ரியின் சதுக்கமோ துறைமுகத்துக்கு மேலே இருக்கிறது. மலைச்சரிவில் கம்பிவடம் இழுக்கும் ஃபனிகுலர் ரயிலில் ஏறிப் போகவேண்டும். கிரேப்ஃப்ரூட் அடங்கி மிளகும் ரோஸ்மேரியும் தலைகாட்டும்போது இந்த சென்ட் பாதி மலை ஏறிவிடுகிறது. மீதிப் பாதியை ஏறவே இல்லை.

டாம் ஃபோர்டின் நெரோலி போர்ட்டோஃபினோவைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். முதலில் 2007ல் வந்து, 2011ல் நீலப் புட்டியில் மறுபிறவி எடுத்தது. ஆண், பெண் இருவருக்கும் என்றுதான் விற்கிறார்கள். நெரோலி என்பது கசப்பு ஆரஞ்சுப் பூவை நீராவியில் வடித்த எண்ணெய். பதினேழாம் நூற்றாண்டில் ரோமுக்குப் பக்கத்து நெரோலாவின் இளவரசி இதைப் பிரபலமாக்கியதால் வந்த பெயர். ஒரு கிலோ எண்ணெய்க்கு ஏறக்குறைய ஆயிரம் கிலோ பூ போகும். முதல் அரைமணி நேரம் அபாரம்: பூ, இலை, கிள்ளிய காம்பின் பச்சைக் கசப்பு எல்லாம் ஒன்றாக வரும். நாரத்தை மரத்தடியில் நின்றவர்களுக்கு இந்த வாசம் புதிதில்லை. பிறகு மெல்ல மெல்ல விலையுயர்ந்த குளியல் சோப்பாகிவிடுகிறது. சோப்பு எனக்குப் பிடிக்கும். அந்த விலைக்குப் பிடிக்கவில்லை. நான்கில் இதுதான் விலை அதிகம்.

அக்வா டி பார்மாவின் கொலோனியா 1916ல் பிறந்தது. வேடிக்கை என்னவென்றால் இத்தாலியின் பார்மா கடலே இல்லாத ஊர். அதனால்தானோ என்னவோ, நான் தேடிய சதுக்கம் இதில் கிடைத்தது. கலாப்ரியா பெர்கமட், எலுமிச்சை, அதன் பின்னால் லாவெண்டரும் ரோஸ்மேரியும். லாவெண்டர் வந்ததுமே சலூன் கதவு திறந்துவிடுகிறது. கொஞ்சம் ரோஜா, அடியில் வெட்டிவேரும் சந்தனமும். உப்பும் இல்லை, தர்பூசணியும் இல்லை. சவரம் முடித்து, வெள்ளைச் சட்டை போட்டு, காப்பி குடிக்கக் கிளம்பிய மனுஷன் வாசம். சிலருக்கு இது தாத்தா வாசனையாகப் படலாம். எனக்கு அதில் ஆட்சேபம் இல்லை.

குறை ஒன்றுதான்: நிற்காது. வாசனை எண்ணெய் குறைவாகக் கலந்த ஓ டி கொலோன் வகை என்பதால் என் தோலில் மூன்று மணி நேரம் தாண்டுவதில்லை. லைட் ப்ளூ அதைப்போல இரண்டு மடங்கு தாங்குகிறது. காலையில் ஒருமுறை அடித்துவிட்டு மாலைவரை மறந்துவிடவேண்டும் என்பவர்கள் அதையே வாங்கலாம். கொலோனியாவை அந்தக் காலத்தில் கோட்டிலும் கைக்குட்டையிலும் தெளித்துக்கொள்வார்கள். நானும் தோலை விட்டுவிட்டுச் சட்டைக்கு மாறினேன். பருத்தித் துணியில் சாயங்காலம்வரை லேசாக நிற்கிறது. வெள்ளைச் சட்டையானால் உள்பக்கமாக அடியுங்கள், கறை தெரியாது.