சாட்ஸ்வொர்த் வீதிக்கும் கியாலாமி தடத்துக்கும் ஒரே கொரோலா: பிரேக், டயர், அலைன்மென்ட் பற்றிய மதிப்புரை

தென்னாப்பிரிக்காவின் டர்பன் நகரின் தென்புறத்தில் உள்ள ப்ராஸ்பெக்டன் ஆலையில் உருவான டொயோட்டா கொரோலா குவெஸ்ட், எங்கள் சாட்ஸ்வொர்த் பகுதியில் தெருவுக்குத் தெரு நிற்கும் வண்டியாகும். அலுவலகத்துக்கும் கோவிலுக்கும் கல்யாண வீட்டுக்கும் போய்வருவதற்கென்றே வாங்கப்படும் இந்த நான்கு கதவு சிடானை யாரும் பந்தய வண்டியாக நினைப்பதில்லை, நினைக்கவும் வேண்டியதில்லை. இருந்தாலும் ஆண்டில் ஓரிரு முறை போர்ட் ஷெப்ஸ்டோனுக்கு அருகிலுள்ள டெஸி ரேஸ்வேயிலோ, ஜோகன்னஸ்பர்க்குக்கு வடக்கே மிட்ராண்டில் உள்ள கியாலாமியிலோ சொந்த வண்டியை ஓட்டிப் பார்க்க விரும்புகிறவர், இருபதாயிரம் ராண்டுக்குள் எதை வாங்கினால் பணம் வீணாகாது என்பதே இந்த மதிப்புரையின் பொருள். சனிக்கிழமை தடத்தில் ஓடிய வண்டி திங்கட்கிழமை காலை ஹிகின்சன் ஹைவே நெரிசலில் முகம் சுளிக்காமல் ஓட வேண்டும் என்பதே நான் வைத்துக்கொண்ட ஒரே அளவுகோல். அதில் தேறாத எந்த உதிரிப்பாகத்தையும் நான் வாங்கவில்லை.

என்னுடையது 2014இல் அறிமுகமான முதல் தலைமுறை குவெஸ்ட், 1.6 லிட்டர் எஞ்சின், 90 கிலோவாட் ஆற்றல், 154 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை. இந்த எண்களைக் கண்டதும் பெரும்பாலானோருக்கு முதலில் தோன்றுவது எஞ்சினைத் தட்டியெழுப்ப வேண்டும் என்பதுதான். எங்கள் பகுதியில் அகலமான சைலன்சர் குழாயும் திறந்த காற்று வடிகட்டியும் பொருத்திக் கொள்வது ஏறக்குறைய ஒரு சடங்கு. 1990களின் கான்க்வெஸ்ட் ஆர்எஸ்ஐ வண்டிகளின் ஓசையைக் கேட்டு வளர்ந்த தலைமுறைக்கு அந்த ஆசை இருப்பது இயல்பே. ஆனால் டர்போ இல்லாத ஒரு சிறிய எஞ்சினில் இந்தச் செலவு கூட்டுவது பெரும்பாலும் சத்தத்தைத்தான். அதைவிட முக்கியமான ஒன்றும் உண்டு. கியாலாமி கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 1,500 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்றின் அடர்த்தி டர்பனில் இருப்பதைவிடச் சுமார் ஏழில் ஒரு பங்கு குறைவு என்பதால், டர்போ இல்லாத எஞ்சின் தன் ஆற்றலிலும் கிட்டத்தட்ட அதே பங்கை இழந்துவிடும். சைலன்சருக்குக் கொட்டிய பணத்தில் கிடைப்பதைப் போலப் பல மடங்கை டர்பனிலிருந்து அங்கே போகும் வழியிலுள்ள வான் ரீனன் கணவாயின் ஏற்றமே பறித்துக்கொள்ளும்.

ஆகவே முதல் செலவு பிரேக்குக்கு. ஓட்டுநரோடு சேர்த்து 1,300 கிலோ எடையுள்ள ஒரு வண்டியை மணிக்கு 150 கிலோமீட்டரிலிருந்து 70 கிலோமீட்டருக்குக் கொண்டுவர, ஏறத்தாழ 880 கிலோஜூல் ஆற்றலை வெப்பமாக மாற்றியாக வேண்டும். இரண்டரை லிட்டர் தண்ணீரை அறை வெப்பத்திலிருந்து கொதிக்க வைக்கப் போதுமான வெப்பம் அது. ஒரேயொரு வளைவுக்கு முன்னால், ஒரு சில விநாடிகளில், அதில் பெரும்பகுதி முன்சக்கரங்களின் இரண்டு டிஸ்க்குகளில் மட்டும் இறங்குகிறது. அடுத்த வளைவில் மீண்டும் அதே கதை. ஊர்ச் சாலைக்கென்று செய்யப்பட்ட பேடுகள் (டிஸ்க்கை இருபுறமும் அழுத்திப் பிடிக்கும் தகடுகள்) சில சுற்றுகளுக்குள் பிடிப்பை இழப்பதும், பிரேக் ஆயில் கொதித்து மிதி தளர்ந்து தரைவரை போவதும் இதனால்தான். இவை இரண்டும் வேறு வேறு கோளாறுகள் என்பதைப் பலர் கவனிப்பதில்லை. மிதி கெட்டியாகவே இருந்து வண்டி மட்டும் நிற்க மறுத்தால் குற்றம் பேடில். மிதியே பஞ்சுபோல் அமுங்கினால் குற்றம் ஆயிலில்.

ஆயிலைப் பொறுத்தவரை மோட்டூல் ஆர்பிஎஃப் 600 எனக்கு முழு நிறைவைத் தந்தது. சாதாரண டாட் 4 (பிரேக் ஆயிலின் தரக் குறியீடு) ஆயிலுக்கு விதிக்கப்பட்ட குறைந்தபட்சக் கொதிநிலை, புதிதாக இருக்கும்போது 230 பாகை செல்சியஸ். ஈரம் உறிஞ்சிய பின் 155 பாகை. மோட்டூல் தன் ஆயிலுக்குக் கொடுத்திருக்கும் எண்கள் 300 பாகைக்கும் 200 பாகைக்கும் மேல். டர்பனில் வாழ்பவர் இந்த இரண்டாவது எண்ணைத்தான் முதலில் பார்க்க வேண்டும். பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை இழுத்துக்கொள்ளும் தன்மை உடையது. கோடைக் கடற்கரைக் காற்றில் துணி காயவே நாளாகும் ஊரில் ஆயில் மட்டும் உலர்ந்தபடி இருக்காது. ஆகையால் சொந்த வண்டியைத் தடத்தில் ஓட்டும் ஒவ்வொரு டிராக் டேக்கு முன்னும் பழையதை முழுவதும் வெளியேற்றிப் புதிதாக நிரப்புவதே முறை. திறந்து பாதி பயன்படுத்திய போத்தலை அடுத்த முறைக்கென்று எடுத்து வைக்கக் கூடாது. டாட் 5 என்று குறிக்கப்பட்ட சிலிகான் ஆயிலை இதனோடு கலக்கவே கூடாது, டாட் 5.1 என்பது வேறு, அது கலக்கக் கூடியது. கடையில் அவசரமாக வாங்கும்போது இந்தப் புள்ளி ஒன்று கண்ணில் படாமல் போகலாம்.

பேடுகளில் ஃபெரோடோ டிஎஸ்2500ஐ முன்சக்கரங்களுக்குத் தேர்ந்தெடுத்தேன். முழுப் பந்தயப் பேடுகள் குளிர்ந்த நிலையில் சரியாகப் பிடிக்காது; காலையில் வீட்டு வாசலைத் தாண்டியதும் குறுக்கே ஒரு பிள்ளை ஓடி வந்தால் அந்தக் குறை உயிர்ப் பிரச்சினையாகிவிடும். டிஎஸ்2500 வெப்பம் ஏறாத நிலையிலும் முதல் மிதியிலேயே பிடிக்கிறது. மழை பெய்யும் என்3 சாலையில் (டர்பன்–ஜோகன்னஸ்பர்க் நெடுஞ்சாலை) பழைய பேடுக்கும் இதற்கும் எனக்கு வேறுபாடு தெரியவில்லை, தெரியாமல் இருப்பதுதான் இங்கே பாராட்டு. தடத்திலோ வேறுபாடு அப்பட்டம். கியாலாமியில் மைன்ஷாஃப்ட் எனப்படும் செங்குத்தான இறக்கம் வேகத்தைத் தானாகவே கூட்டிக் கொடுக்கும்; அதன் பிறகும் மிதி, சுற்றுக்குச் சுற்று ஒரே உயரத்தில் நின்றது. சக்கரங்களில் கரித்தூள் சற்றுக் கூடுதலாகப் படியும். வண்டியை வாரந்தோறும் கழுவித் துடைக்கிறவர்கள் இதைக் கணக்கில் கொள்ளலாம். பொருத்தியவுடன் பதப்படுத்துவது மிக முக்கியம்: ஆளில்லாத சாலையில் நடுத்தர வேகத்திலிருந்து பலமுறை அழுத்தி வேகத்தைக் குறைத்து, முழுவதும் நிறுத்தாமல் ஓட்டி, பின்னர் ஆறவிட வேண்டும். இதைச் செய்யாமல் நேரே தடத்துக்குப் போனால் எந்த விலையுள்ள பேடும் டிஸ்க்கில் திட்டுத்திட்டாக ஒட்டி, ஸ்டியரிங்கை நடுங்கச் செய்யும்.

இருபதாயிரத்தில் பெரும்பகுதியை விழுங்கியது டயர்தான். ஆலையிலிருந்து வந்த 195/65 ஆர்15 டயர்களின் உயரமான பக்கச்சுவர் குழிகளைத் தாங்க நல்லது, வளைவில் மடிந்து போவதற்கும் நல்லது. பழைய உதிரிப்பாகக் கடையில் ஜோடி ஜோடியாகத் தேடி எடுத்த 16 அங்குல அலாய் சக்கரங்களில் 205/55 ஆர்16 அளவில் பிரிட்ஜ்ஸ்டோன் பொட்டென்சா ஆர்இ003 டயர்களைப் போட்டேன். இரண்டு அளவுகளுக்கும் மொத்த விட்டத்தில் மூன்று மில்லிமீட்டர்தான் வித்தியாசம் என்பதால் வேகமானி பொய் சொல்லாது. தேய்மான எண் (டயர் எவ்வளவு மெதுவாகத் தேயும் என்பதைக் காட்டும் எண்) 200க்குக் கீழே உள்ள டயர்கள் இன்னும் ஒட்டிப் பிடிக்கும் என்பது உண்மை; ஆனால் அவற்றில் மழைநீர் வழியும் வரிகள் குறைவு. தென்னாப்பிரிக்கச் சட்டம் ஒரு மில்லிமீட்டர் வரி ஆழம் இருந்தாலே போதும் என்கிறது. அந்தக் குறைந்தபட்ச அளவை நம்பி டிசம்பர் மாத டர்பன் மழையில் யாரும் இறங்கக் கூடாது என்பது என் கருத்து. 220 தேய்மான எண் கொண்ட ஆர்இ003 ஈரச் சாலையில் நம்பிக்கையோடு நிற்கிறது. காய்ந்த தடத்திலோ, எல்லையை நெருங்கும்போது முன்கூட்டியே முனகி எச்சரிக்கிறது. புதிதாகக் கற்றுக்கொள்கிறவருக்கு அந்த முனகல், மூர்க்கமான பிடிப்பைவிடப் பயனுள்ளது.

காற்றழுத்தத்தில் எங்கள் கடற்கரைக்காரர்களுக்கென்றே ஒரு கணக்கு உண்டு. டர்பனில் குளிர்ந்த நிலையில் 2.2 பார் காட்டிய டயர், அதே வெப்பநிலையில் மிட்ராண்டில் ஏறத்தாழ 2.35க்கு மேல் காட்டும். வெளியே காற்றின் அழுத்தம் குறைந்திருப்பதே காரணம், யாரும் காற்றடைத்துவிடவில்லை. ஆகையால் வீட்டில் அளந்து வைத்துக்கொண்டு போவதில் பயனில்லை, அங்கே போய்த்தான் சரிசெய்ய வேண்டும். குளிரில் 2.0 பார் வைத்துத் தொடங்கினால், உள்காற்று 60 பாகைவரை சூடேறும்போது 2.4 பாரைத் தொடும். இந்த எடையுள்ள முன்சக்கர இழுப்பு வண்டிக்கு எனக்கு ஒத்துவந்த அளவு அது. திரும்பி வரும்போது மறவாமல் காற்றைக் கூட்டிவிட வேண்டும். குடும்பமும் பெட்டிகளுமாக ஏறிய வண்டிக்கு 2.0 பார் ஆகாது.

அலைன்மென்டுக்கு ஆன செலவு மிகக் குறைவு, கிடைத்த பலனோ மிகப் பெரிது. முன் ஸ்ட்ரட்டின் (ஸ்பிரிங்கையும் ஷாக் அப்சார்பரையும் தாங்கும் தூண்) கீழே சாய்கோணத்தை மாற்றும் போல்ட்டைப் பொருத்தி, இரண்டு பக்கமும் எதிர்மறைச் சாய்வு (சக்கரத்தின் மேல்விளிம்பு உள்நோக்கிச் சாய்வது) ஒன்றரைப் பாகை அளவுக்கு வைத்து, டோ அளவை (மேலிருந்து பார்க்கும்போது சக்கரங்களின் முன்பக்கம் உள்ளேயோ வெளியேயோ திரும்பியிருக்கும் அளவு) சுழியத்தில் நிறுத்தச் சொன்னேன். உம்கேனி ரோட்டுப் பக்கம் அந்த வேலையைச் செய்து கொடுத்த அண்ணன், "சாய்வால டயர் தேயாது தம்பி, டோ தப்பா இருந்தாத்தான் தேயும்" என்றார். அதை முழு உண்மை என்று சொல்ல முடியாது என்றாலும், நீண்ட நெடுஞ்சாலைப் பயணங்களில் உள்விளிம்பைத் தின்பது முதன்மையாக டோதான் என்பதில் ஐயமில்லை. சாய்வை மாற்றினால் டோவும் மாறும் என்பதால் இரண்டையும் ஒரே நாளில் ஒரே கருவியில் பார்க்க வேண்டும். வளைவின் நடுவில் முன்பு வெளியே தள்ளிக்கொண்டு போன மூக்கு இப்போது உள்ளே திரும்புகிறது. வண்டியைத் தாழ்த்தும் ஸ்பிரிங்குகளையும், உயரத்தை மாற்றக்கூடிய காயிலோவர்களையும் நான் தொடவில்லை. எங்கள் வீதிகளில் வேகத்தடைகளை அமைத்தவர்கள் அவற்றை மலைபோல் அமைத்திருக்கிறார்கள். அவற்றின்மேல் அடிவயிறு உரசும் வண்டியில் அம்மாவைக் கோவிலுக்கு அழைத்துப் போக முடியாது.

மற்றவை சிறு வேலைகள். எஞ்சின் ஆயிலை அளவுகோலின் மேல் குறிவரை நிரப்ப வேண்டும், ஏனெனில் நீண்ட வளைவில் ஆயில் ஒரு பக்கம் ஒதுங்கி பம்பின் வாய் காற்றை உறிஞ்ச இடமுண்டு. சக்கர நட்டுகளை டார்க் ஸ்பானரால் 103 நியூட்டன் மீட்டருக்கு இறுக்கி, முதல் ஓட்டம் முடிந்து சக்கரம் ஆறிய பின் மீண்டும் சரிபார்க்க வேண்டும். ஒவ்வொரு ஓட்டத்தின் கடைசிச் சுற்றையும் பிரேக்கைத் தொடாமல் மெதுவாக ஓட்டி ஆற்ற வேண்டும். நிறுத்தியதும் கைப்பிரேக்கை இழுக்காமல் கியரில் விட வேண்டும்.

இருபதாயிரத்தில் சேர்க்காமல் தனியே ஒதுக்க வேண்டியவை தட நுழைவுக் கட்டணம், முழுமுகத் தலைக்கவசம், கியாலாமிக்குப் போக ஏறத்தாழ 600 கிலோமீட்டருக்கும் திரும்பி வர அதே தூரத்துக்கும் எரிபொருள், என்3இன் சுங்கக் கட்டணம் ஆகியவை. கடற்கரைவாசிகளுக்கு டெஸி பக்கம் என்பதால் புதிதாகத் தொடங்குகிறவர் அங்கே தொடங்குவதே சிக்கனம். காப்பீட்டையும் கவனிக்க வேண்டும். பெரும்பாலான வாகனக் காப்பீடுகள் தட வாயிலுக்கு உள்ளே நடக்கும் எதையும் ஏற்பதில்லை. வாயில்வரையிலான பயணத்துக்கு மட்டுமே அவை செல்லும். தவணை கட்டி முடியாத வண்டியைக் கொண்டு போகிறவர், ஒப்பந்தத்தின் விலக்குப் பகுதியைப் படித்துவிட்டு, தட நாளுக்கென்று தனிக் காப்பீடு கிடைக்குமா என்று தம் முகவரிடம் எழுத்து மூலமாகக் கேட்டு வைத்துக்கொண்ட பிறகே நுழைவுச் சீட்டு வாங்க வேண்டும்.