எலேனாவுக்குத் தெரியும்: மாத்திரைக் கணக்கில் ஓடும் ஒரு துப்பறியும் நாவல்

வலது காலைத் தரையிலிருந்து சில சென்டிமீட்டர் தூக்க வேண்டும். அதை முன்னால் கொண்டுபோய் இடது காலைத் தாண்டியதும் கீழே வைக்க வேண்டும். அர்ஜென்டினா எழுத்தாளர் கிளாடியா பின்யேய்ரோவின் 'எலேனா நோஸ்' (Elena Knows, 'எலேனாவுக்குத் தெரியும்') இப்படித்தான் தொடங்குகிறது. துப்பறியும் நாவல் என்று கேள்விப்பட்டு வாங்கியவருக்கு, ஆரம்பப் பக்கங்களில் பார்க்கின்சன் நோய் பிடித்த ஒரு தாய் எழுந்து நடக்கப் படும் பாடுதான் கிடைக்கும். பலர் புத்தகத்தை மூடி வைப்பதும் இங்கேதான். மூடாதீர்கள். கதையின் இயந்திரமே அந்தக் கால்தான்.

எலேனாவுக்கு வயது 63. மகள் ரீட்டா தேவாலய மணிக்கூண்டில் தூக்கில் தொங்கிய நிலையில் கிடைக்கிறாள். தற்கொலை என்று காவல்துறை கோப்பை மூடப் பார்க்கிறது. அன்று மழை. ரீட்டாவுக்கு இடி என்றால் நடுக்கம், மழை நாளில் அந்தத் தேவாலயத்துப் பக்கமே அவள் போக மாட்டாள் என்பது எலேனாவின் ஒரே சாட்சியம். ஆகவே கொலை. கொலையாளியைத் தேட அவள் உடம்பு ஒத்துழைக்காததால், உதவி கேட்டு, 20 ஆண்டுகளுக்கு முந்தைய ஒரு நன்றிக்கடனை வசூலிக்க, புறநகரிலிருந்து ரயிலேறி புவெனஸ் அயர்ஸுக்குப் போகிறாள். கடன்பட்டவள் இசபெல் என்ற பெண். அந்தக் கடன் உண்மையில் யாருடைய ஏட்டில் வரவு, யாருடைய ஏட்டில் பற்று என்பதுதான் கடைசிப் பகுதி. அதற்கு மேல் சொன்னால் வாங்குபவரின் காசு வீண்.

காலை, நண்பகல், மாலை என்று மூன்று பகுதிகள். ஒவ்வொன்றின் தலைப்பிலும் அது எத்தனையாவது மாத்திரை என்று குறித்திருக்கிறது: இரண்டு, மூன்று, நான்கு. மாத்திரை லெவோடோபா. பார்க்கின்சன் நோயில் மூளையில் குறைந்துபோவது டோபமின், உடல் அசைவுக்கான செய்தியைக் கடத்தும் வேதிப்பொருள். டோபமினை நேரடியாக விழுங்கினால் அது மூளைக்குள் நுழையாது, லெவோடோபா நுழைந்து அங்கே டோபமினாக மாறும். ஒரு வேளை மருந்தின் வீரியம் சில மணி நேரம்தான். தீர்ந்ததும் கால் தரையோடு ஒட்டிக்கொள்ளும். அடுத்ததை விழுங்கினாலும் உடனே வேலை செய்யாது, காத்திருக்க வேண்டும். புரதம் மிகுந்த சாப்பாட்டோடு சேர்ந்தால் உறிஞ்சப்படுவது இன்னும் தாமதமாகும். இதைத் தெரிந்துகொண்டு படித்தால், எலேனா ரயிலிலும் டாக்ஸியிலும் போடும் நேரக்கணக்கு வெடிகுண்டுக் கடிகாரம் போலக் கேட்கும். மூளையைப் பட்டம் பறிபோன ராஜா என்கிறாள், டோபமினை அவனுடைய தூதன் என்கிறாள். தெருப்பெயர்களை முன்னும் பின்னுமாக ஒப்பித்துக்கொண்டே மருந்து ஏறும்வரை பொழுதைத் தள்ளுகிறாள். கழுத்து குனிந்தே இருப்பதால் மனிதர்களை முகம் பார்த்து அறிவதில்லை, காலணி பார்த்துத்தான். தலை நிமிர முடியாத துப்பறிவாளர் எதைப் பார்க்கத் தவறுவார்? புதிரின் சாவி அங்கே இருக்கிறது. இதை இவ்வளவு கச்சிதமாக வேறு குற்ற நாவல் செய்திருக்கிறதா என்பது சந்தேகமே.

ஸ்பானிய மூலம் 2007இல் வந்தது. ஆங்கிலப் பதிப்பு 2021இல் எடின்பரோவின் சார்கோ பிரஸ் வெளியீடு, மொழிபெயர்ப்பு பிரான்சிஸ் ரிடில். 2022 சர்வதேச புக்கர் இறுதிப் பட்டியலில் இடம்பிடித்தது. 200 பக்கத்துக்குள் அடங்கினாலும் வேகமாக ஓடாது. உரையாடலுக்கு மேற்கோள் குறி இல்லை. கேள்வி, பதில், நினைவு எல்லாம் ஒரே வாக்கியத்தில் கலந்து வரும். யார் பேசுகிறார் என்று குழம்பினால் அந்தப் பத்தியை வாய்விட்டுப் படித்தால் பிடிபட்டுவிடும். குறை என்றால், ரீட்டா தாயிடம் காட்டும் கடுமைக்கு நடுப்பகுதி கொஞ்சம் அதிகமாகவே அழுத்தம் தருகிறது. நாம் முதலிலேயே புரிந்துகொண்டதைத் திரும்பவும் காட்டுகிறது.

பின்யேய்ரோ 1960இல் புவெனஸ் அயர்ஸ் மாகாணத்து புர்சாகோவில் பிறந்தவர். படிப்பு கணக்கியல், எழுத்துக்கு முன் பார்த்த வேலையும் அதுவே. பணம் எங்கே வருகிறது, எங்கே கசிகிறது என்று அவர் நாவல்கள் விடாமல் கேட்பதில் ஆச்சரியம் இல்லை. 2005இல் அர்ஜென்டினா நாளிதழ் கிளாரினின் நாவல் பரிசு பெற்ற 'தர்ஸ்டே நைட் விடோஸ்' அதற்கு நல்ல சான்று: சுவர் கட்டி அடைத்த ஒரு பணக்காரக் குடியிருப்பு, நீச்சல் குளத்தில் மூன்று பிணங்கள், 2001 இறுதியில் அர்ஜென்டினாப் பொருளாதாரம் விழுவதற்குச் சற்று முந்தைய நேரம். ஒரு பெசோ (அர்ஜென்டினா நாணயம்) ஒரு டாலர் என்று 1991 முதல் சட்டம் போட்டுக் காத்த மதிப்பு சரியப்போகிறது என்ற பின்னணி தெரியாமல் படித்தால், அந்த ஆண்கள் ஏன் அவ்வளவு பதறுகிறார்கள் என்பது விளங்காது.

நெட்பிளிக்ஸில் அனாஹி பெர்னேரி இயக்கிய 2023 படமும் இருக்கிறது. மெர்சிடிஸ் மோரான் எலேனாவாகப் பிரமாதம். ஆனால் கேமரா எலேனாவை வெளியிலிருந்து பார்க்கிறது, நாவலோ அவள் குனிந்த கழுத்துக்குள் நம்மை அடைத்துவிடுகிறது. படத்தை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள்.

விறுவிறுப்பு மட்டும் வேண்டுபவர் எலேனாவைத் தள்ளிவைத்து 'ஆல் யுவர்ஸ்' வாங்கலாம். கணவனின் பையில் உதட்டுச்சாயத்தால் வரைந்த இதயத்தைக் கண்டெடுக்கும் இனேஸின் கதை; சிறியது, குரூரமான நகைச்சுவை. அதே இனேஸ் சிறையிலிருந்து வெளியே வந்து பூச்சிமருந்து அடிக்கும் தொழில் நடத்துவது 'டைம் ஆஃப் தி ஃப்ளைஸ்'. பலர் புதியது என்று இரண்டாவதை முதலில் வாங்கிவிடுகிறார்கள். அதைப் படித்தால் முதல் நாவலின் முடிவு அம்பலமாகிவிடும். முதலாவது லண்டனின் பிட்டர் லெமன் வெளியீடு, மொழிபெயர்த்தவர் மிராண்டா பிரான்ஸ். இரண்டாவது சார்கோ, ரிடில். பதிப்பகம் வேறு, அட்டைப் பாணி வேறு என்பதால் இரண்டும் ஒரே கதையின் தொடர்ச்சி என்று பார்த்ததும் தெரியாது. கடையில் இரண்டு பெயரையும் தனித்தனியாகச் சொல்லிக் கேளுங்கள்.