கூகுளா, இன்ஸ்டாகிராமா? மோட்டார் கடைக்கு ஒன்று, சுங்குடிக்கு ஒன்று

"ஆன்லைன் விளம்பரத்துக்கு மாசம் பத்தாயிரம் ஒதுக்கறேன், எதுல போடட்டும்?" என்று கேட்கும் கடைக்காரர்களிடம் நான் திருப்பிக் கேட்பது இதுதான்: உங்கள் சரக்கு வேண்டும் என்று வாங்குகிறவருக்கு முன்பே தெரியுமா, இல்லை நீங்கள் காட்டிய பிறகுதான் ஆசை வருமா?

மதுரையில் போர்வெல் மோட்டார் பழுது பார்க்கும் கடை ஒன்று, சுங்குடிச் சேலை விற்கும் கடை ஒன்று என்று வைத்துக்கொள்வோம். மோட்டார் நின்றுபோனவர் ராத்திரி எட்டு மணிக்குப் போனை எடுத்து 'சப்மெர்சிபிள் மோட்டார் சர்வீஸ்' என்று தட்டுகிறார். தொட்டியில் தண்ணீர் இல்லை. ரீல்ஸ் பார்க்கும் மனநிலையிலும் அவர் இல்லை. யார் முதலில் போனை எடுக்கிறாரோ அவருக்கு வேலை. சுங்குடிக்கு இப்படி அவசரம் வருவதில்லை. சாயம் ஏறிய துணியில் முடிச்சை அவிழ்க்க அவிழ்க்க வெள்ளைப் புள்ளிகள் வெளியே வருவதைப் பார்த்த பிறகுதான் "இது என்ன விலை?" என்ற கேள்வியே பிறக்கும். முதல் கடைக்குக் கூகுள் தேடல் விளம்பரம், இரண்டாவதற்கு ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம். பாதி முடிவு இதிலேயே ஆகிவிடுகிறது. மீதிப் பாதியில்தான் பணம் போகிறது.

கூகுள் தேடல் விளம்பரத்தில் பொதுவாக யாராவது கிளிக் செய்தால்தான் காசு. ஒவ்வொரு தேடலுக்கும் உள்ளே ஓர் ஏலம் நடக்கிறது. அதிக விலை கேட்டவருக்கே முதலிடம் என்று நினைக்க வேண்டாம். விளம்பரம் தேடலுக்குப் பொருந்துகிறதா, கிளிக் செய்தவர் போய்ச் சேரும் பக்கம் உருப்படியாக இருக்கிறதா என்பதும் கணக்கில் வரும். 2018-லிருந்து தமிழிலும் விளம்பரம் கொடுக்கலாம். ஆனால் நம் ஆட்கள் தமிழ், ஆங்கிலம், ஆங்கில எழுத்தில் தமிழ் என்று மூன்று விதமாகத் தேடுவார்கள். எந்தச் சொல்லைத் தேடினால் உங்கள் விளம்பரம் வர வேண்டும் என்று கொடுக்கும் பட்டியலில் மூன்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

கணக்குத் தொடங்கும்போது கூகுள் தானாகவே தேர்ந்து வைத்திருக்கும் அமைப்புகளை அப்படியே விட்டுவிட வேண்டாம். இடத் தேர்வில் 'மதுரையில் இருப்பவர்கள்' மட்டுமல்ல, 'மதுரையில் ஆர்வம் காட்டுபவர்களும்' சேர்ந்திருப்பார்கள். மீனாட்சி கோயிலுக்கு வர டெல்லியிலிருந்து வழி தேடுகிறவருக்கு உங்கள் மோட்டார் சர்வீஸ் எதற்கு? நீங்கள் கொடுத்த சொற்கள் 'பரந்த பொருத்தத்தில்', அதாவது தொடர்புள்ள மற்ற தேடல்களுக்கும் காட்டும் அமைப்பில் இருந்தால், 'மோட்டார்' என்று கொடுத்ததற்குப் பைக் தேடுகிறவரும் வந்து நிற்பார். வாரம் ஒருமுறை, ஆட்கள் உண்மையில் என்ன தட்டி வந்தார்கள் என்ற அறிக்கையைத் திறந்து பாருங்கள். 'வேலைவாய்ப்பு', 'ஐடிஐ', 'செகண்ட் ஹேண்ட்' போன்றவற்றை விலக்கும் சொற்களில் போடுங்கள், அவற்றைத் தேடுகிறவருக்கு விளம்பரம் போகாது. தினச் செலவு 300 என்று வைத்தால் ஒரு நாளில் 600 வரை போகலாம், பதற வேண்டாம். மாதத்தில் அதன் 30.4 மடங்கைத் தாண்டாது.

இன்னொன்று, நம் விளம்பரம் வருகிறதா என்று நாமே நாலு தடவை தேடிப் பார்க்கும் பழக்கம் வேண்டாம். கிளிக் செய்தால் காசு, செய்யாவிட்டால் 'இதை யாரும் தொடுவதில்லை' என்று கணக்கு ஏறும். பார்ப்பதற்கென்றே கணக்குக்குள் தனி வசதி இருக்கிறது.

சரி, கட்டுப்படியாகுமா? உதாரணத்துக்கு ஒரு கிளிக் 30 ரூபாய், பத்துக் கிளிக்குக்கு ஒரு அழைப்பு, மூன்று அழைப்புக்கு ஒரு வேலை என்று வைப்போம். ஒரு வேலையைப் பிடிக்க 900 ரூபாய். இதன் மேல் 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்ந்தால் 1,062. வழக்கமான ஜிஎஸ்டி பதிவு இருந்தால் அந்த வரியை உள்ளீட்டு வரவாக எடுத்து, நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளலாம். சிறு கடைகளுக்கான எளிய வரி முறையான காம்போசிஷன் திட்டத்தில் இருப்பவருக்கு அதுவும் இல்லை. ரீவைண்டிங் செய்து 2,500 மிஞ்சுகிற வேலை என்றால் தாராளமாகப் போடலாம். கெப்பாசிட்டர் மாற்றிக் கொடுத்து இருநூறு பார்க்கும் வேலைக்கு இது கட்டாது. அப்படிப்பட்ட கடைக்குக் கூகுள் மேப்பில் இலவசமாகக் கிடைக்கும் பிசினஸ் புரொஃபைலே போதும். அதில் சரியான நேரமும் கடை முகப்பின் படமும் இருக்கட்டும். வேலை முடித்த கையோடு வாடிக்கையாளரிடம் ரிவ்யூ கேளுங்கள். ஆனால் ரிவ்யூ போட்டால் தள்ளுபடி என்று மட்டும் சொல்லாதீர்கள், கூகுள் விதிக்கு அது விரோதம்.

சுங்குடிக்கு வருவோம். இங்கே ஏலத்தைவிடப் படம்தான் பேசும். ஸ்டூடியோ வெளிச்சத்தில் எடுத்த மாடல் படத்தைவிட, முடிச்சு அவிழும் இருபது விநாடி வீடியோ மேல் என்பது என் கட்சி. காசு கட்டிப் பதிவை அதிகம் பேருக்குக் காட்டச் சொல்லும் 'பூஸ்ட்' பொத்தான் பதிவுக்குக் கீழேயே இருந்து கை அரிக்க வைக்கும். யோசிக்காமல் அமுக்கினால் பெரும்பாலும் லைக் விழும், ஆர்டர் விழாது. லைக் போடுகிற ஆட்களைக் காட்டு என்று கேட்டால் அது லைக் போடுகிறவர்களைத்தான் தேடிப் பிடிக்கும். ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் விளம்பரங்களை நிர்வகிக்கும் ஆட்ஸ் மேனேஜருக்குள் போய், வாட்ஸ்அப்புக்கு செய்தி வரவேண்டும் என்றோ விற்பனை வேண்டும் என்றோ நோக்கத்தைச் சொல்லுங்கள்.

அப்புறம் பொறுமை. யாருக்குக் காட்டினால் பலன் வரும் என்று கற்று ஒரு விளம்பரத் தொகுப்பு நிலைப்பட, வாரத்துக்குச் சுமார் 50 பலன்கள் (நீங்கள் கேட்ட செய்தியோ விற்பனையோ) தேவை என்கிறது இவற்றை நடத்தும் மெட்டா நிறுவனம். இருக்கிற பத்தாயிரத்தை ஐந்தாகப் பிரித்து, தினமும் படத்தை மாற்றிக்கொண்டிருந்தால் எந்தத் தொகுப்பும் எதையும் கற்றுக்கொள்ளாது. ஒன்றோ இரண்டோ போதும். விலையைப் படத்திலேயே எழுதுங்கள். விலை கேட்டவருக்கெல்லாம் 'டிஎம் பண்ணுங்க' (தனிச் செய்தி அனுப்புங்கள்) என்று பதில் போடும் வழக்கம் எனக்குப் பிடிபடவே இல்லை. விலை தெரிந்த பிறகும் செய்தி அனுப்புகிறவர்தான் வாங்கப் போகிறவர்.

வாட்ஸ்அப் பிசினஸ் இந்தப் போட்டியிலேயே இல்லை என்பேன். புதியவர்களைப் பிடிக்க அது உதவாது, வாங்கியவர்களைக் கைவிடாமல் இருக்க உதவும். ஒரே செய்தியைப் பலருக்குத் தனித்தனியாக அனுப்பும் பிராட்காஸ்ட் பட்டியல் ஒன்றில் 256 பேர் வரைதான், அதுவும் உங்கள் எண்ணைச் சேமித்து வைத்தவர்களுக்கே போய்ச் சேரும். 'ஐயாயிரம் நம்பர் டேட்டா இருக்கு சார்' என்று வருகிறவரிடம் வாங்கி மொத்தமாக அனுப்பினால் எண் முடக்கப்படலாம். கடைப் பலகையில் பெயின்ட் அடித்த எண் அது.

உணவு ரிவ்யூ செய்பவர்களைக் காசு கொடுத்து அழைப்பதும் நடக்கிறது. ஓட்டலுக்கு ஒரு வாரம் கூட்டம் வரும், மோட்டார் கடைக்கு வராது. பணம் வாங்கிச் செய்த விளம்பரம் என்று அவர்கள் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும் என்று விளம்பரத் துறையின் சுயகட்டுப்பாட்டு அமைப்பான இந்திய விளம்பரத் தர மன்றம் (ASCI) 2021-லேயே நெறிமுறை போட்டிருக்கிறது.

ஏஜென்சியிடம் கொடுப்பதானால், கணக்கு உங்கள் மின்னஞ்சலில் இருக்கிறதா என்று முதல் நாளே பாருங்கள். எனக்குத் தெரிந்த ஒருவர் ஒன்றரை வருடம் பணம் கட்டினார். பிரிந்தபோது கணக்கும் அதிலிருந்த விவரங்களும் ஏஜென்சியோடு போய்விட்டன. மறுபடி முதலிலிருந்து ஆரம்பித்தார்.

என் கணக்கில் மோட்டார் கடைக்குப் பத்தாயிரமும் தேடலில், கடையில் ஆள் இருக்கும் நேரத்தில் மட்டும். ராத்திரி எட்டு மணி அழைப்பு வேண்டுமானால் அந்த நேரத்துக்குப் போன் எடுக்க ஓர் ஆள். சுங்குடிக்கு ஒன்பதாயிரம் இன்ஸ்டாகிராமில், மீதி ஆயிரம் கூகுளில் கடையின் பெயருக்கு. வீடியோ பார்த்தவர்கள் பெயரைத் தட்டித் தேடுவார்கள். கூடவே கல்லாப் பக்கத்தில் ஒரு நோட்டு. வருகிறவர்களிடம் "எங்கே பார்த்தீங்க?" என்று கேட்டு எழுதுங்கள். பாதிப் பேர் "போன்லதான் வந்துச்சு" என்பார்கள். அதற்கும் ஒரு கட்டம் போட்டு வையுங்கள்.