பெட்ஸில் ஜிக்ஜாக்: கயிற்று முடிச்சுக்குப் பதிலாக

மரமேறிகள் ஏறுகயிற்றைச் சுற்றிக் கையால் போடும், எடை விழுந்தால் இறுகிப் பிடிக்கும் ப்ரூசிக் முடிச்சின் வேலையை, சங்கிலிபோல் கோத்த உலோகக் கண்ணிகளால் செய்யும் கருவி, பெட்ஸில் நிறுவனத்தின் இந்த ஜிக்ஜாக். 11.5 முதல் 13 மி.மீ. வரையிலான கயிற்றுக்குப் பொருந்தும். அடியிலுள்ள கப்பி பந்துத் தாங்கியில் சுழல்வதால் தளர்ந்த கயிறு ஒரே இழுப்பில் மேலே வந்துவிடும். கிளை நுனிக்குப் போய்த் திரும்பும்போதுதான் இதன் அருமை தெரியும். முடிச்சுபோல இறுகி அடம்பிடிக்காது.

இறங்க, மேல்நெம்பை மெல்ல அழுத்த வேண்டும். பதற்றத்தில் முழுதாக அழுத்தினால் வேகம் கூடும், ஆகவே கீழ்க்கயிற்றிலிருந்து மறுகையை எடுக்கக் கூடாது. வழுவழுப்பான புதுக் கயிற்றில் சற்று வழுக்கும். பழகியதில் நன்றாகப் பிடிக்கும். ஊசியிலை மரங்களின் பிசின் கண்ணிகளுக்கிடையே ஏறினால் அவை தாராளமாக அசையாது, பிடியும் சீராக இருக்காது.

கிளையில் மடித்துப் போடாத ஒற்றைக் கயிற்றில் இதை மட்டும் நம்பி ஏறக் கூடாது. அதற்கு சிகேன் என்ற துணைக்கருவி தேவை. பழைய கருவியை வாங்குபவர்கள் கவனிக்க: 2013-இல் கண்ணிகளில் விரிசல் தெரிந்து, அப்போதைய வடிவத்தைப் பயன்படுத்த வேண்டாமென நிறுவனமே அறிவித்தது. முடிச்சுக் கயிறு தேய்ந்தால் அதை மட்டும் மாற்றினால் போதும். இதில் கண்ணி தேய்ந்தால் கருவியே போச்சு. ரம்பம் பிடிக்கும்போது இடுப்புக் கயிறு இரண்டாவது பிடிப்பாக இருந்தே ஆக வேண்டும்.