பரோட்டா மாஸ்டருக்கு வேலை அனுமதி வாங்கித் தருவதாகச் சொன்ன முகவர்

சிங்கப்பூரில் சிராங்கூன் சாலையை ஒட்டிய ஒரு சந்தில் நானும் என் மனைவியும் சிறிய உணவகம் நடத்திவருகிறோம். ஜொகூரிலிருந்து வந்து வேலை பார்த்த எங்கள் பரோட்டா மாஸ்டர் சென்ற ஆண்டு உடல்நலம் குன்றி நின்றுவிட்டதால், தமிழ்நாட்டிலிருந்து ஒருவரை வரவழைக்க முயன்றபோது ஒரு முகவரிடம் ஏமாந்தேன். என் பணத்தோடு போயிருந்தால் இதை எழுதியிருக்க மாட்டேன். நான் நேரில் பார்த்தே இராத ஒரு சமையற்காரரின் குடும்பம் என் கடையின் பெயரால் கடனாளியாகியிருக்கிறது.

2023 செப்டம்பர் முதல், இங்குள்ள இந்திய உணவகங்கள் இந்தியாவிலிருந்து சமையற்காரர்களை வேலை அனுமதிச் சீட்டில் எடுக்க மனிதவள அமைச்சு இடம் தந்திருக்கிறது. ஆனால் அவர்களுக்கு மாதம் 2,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) குறையாத நிலையான சம்பளம் கொடுக்க வேண்டும் என்பதோடு, இவ்வகையில் எடுப்பவர்கள் கடையின் மொத்த ஊழியர்களில் 8 விழுக்காட்டைத் தாண்டவும் கூடாது. எங்கள் கடையில் ஒன்பது ஊழியர்கள். புதிதாக ஒருவர் சேர்ந்தால் பத்தில் ஒருவர், அதாவது 10 விழுக்காடு. எங்களுக்குத் தகுதியே இல்லை என்பது இந்தச் சிறிய கணக்கிலேயே தெரிந்திருக்கும். நான் போட்டுப் பார்க்கவில்லை. வாடிக்கையாளர் ஒருவர் மூலம் அறிமுகமான அந்த முகவர், “கோட்டாவை நான் பார்த்துக்கொள்கிறேன் அண்ணே” என்று சொன்னதை, எப்படி என்றுகூடக் கேட்காமல் ஏற்றுக்கொண்டேன்.

அவருடைய அட்டையிலிருந்த உரிம எண்ணை அமைச்சின் இணையத்தளத்தில் தேடினேன். அப்படி ஒரு நிறுவனம் இருந்தது, நிம்மதியானேன். அந்த நிறுவனத்தின் பதிவுபெற்ற ஊழியர்களில் அவர் பெயர் இருக்கிறதா என்பதையும் அங்கேயே பார்த்திருக்க முடியும். எல்லாம் முடிந்த பிறகு பார்த்தேன், இல்லை. 2,400 வெள்ளியை நிறுவனத்தின் கணக்குக்கு அல்லாமல் பணம் அனுப்பும் சேவையான பேநவ்வில் அவருடைய சொந்த எண்ணுக்கு அனுப்பச் சொன்னபோதாவது நான் விழித்திருக்க வேண்டும். அதைவிடப் பெரிய தவறு, விண்ணப்பம் போடுவதற்கென்று அரசாங்க இணையச் சேவைகளுக்குள் கடையின் பெயரில் நுழைய உதவும் கார்ப்பாஸ் அணுகலை அவரிடம் ஒப்படைத்தது.

ஆறு வாரம் கழித்து எங்கள் கணக்கர், அந்த மாதம் செலுத்தவிருந்த மத்திய சேமநிதிப் பட்டியலைக் கொண்டுவந்து, இந்த மூன்று பேர் யார் என்று கேட்டார். எங்கள் கடைக்குள் கால் வைத்தறியாத மூன்று உள்ளூர்வாசிகளின் பெயர்கள், ஒவ்வொன்றுக்கும் எதிரே 1,600 வெள்ளிச் சம்பளத்துடன் இருந்தன. ஒன்பதோடு மூன்றும் புதியவரும் சேர்ந்தால் பதின்மூன்று பேர், விழுக்காடு எட்டுக்குள் அடங்கிவிடும் என்பதுதான் அந்த முகவரின் வழி. வேலை செய்யாதவர்களைக் காட்டிக் கோட்டா பெறுவது குற்றம். பொய்த் தகவல் தந்தால் 20,000 வெள்ளி வரை அபராதமோ ஈராண்டு வரை சிறையோ இரண்டுமோ விதிக்கலாம். விண்ணப்பத்தை யார் தட்டச்சு செய்திருந்தாலும் பதில் சொல்ல வேண்டியவர் முதலாளிதான். அன்றே அணுகலை ரத்து செய்து, பட்டியலிலிருந்து அந்தப் பெயர்களை நீக்கினோம்.

இதற்கிடையே மன்னார்குடிப் பக்கத்திலிருந்து ஒரு தொலைபேசி அழைப்பு வந்தது. “ஐயா, உங்கள் பங்கு ஒன்றரை லட்சம் வந்து சேர்ந்ததா? நான் எப்போது கிளம்புவது?” என்று கேட்ட அந்தச் சமையற்காரர், முகவரின் ஆளிடம் மூன்றரை லட்சம் ரூபாய் கொடுத்திருந்தார். வேலை கொடுப்பதற்காக ஊழியரிடம் முதலாளி பணம் வாங்குவதற்கு இங்கே 30,000 வெள்ளி வரை அபராதமும் சிறையும் உண்டு. நான் கேட்காத, கைக்கு வராத பணத்தை என் பெயரைச் சொல்லி வாங்கியிருக்கிறார்கள். சமையற்காரர் அனுப்பிய ஐபிஏ கடிதத்தின் (வேலை அனுமதிக்கான கொள்கை அளவிலான ஒப்புதல்) படத்தில் எங்கள் கடைப் பெயர், சம்பளம், எண் எல்லாம் ஒழுங்காக இருந்தன. அமைச்சின் இணையத்தளத்தில் எங்கள் கணக்குக்குள் போய்ப் பார்த்தபோது, அவர் பெயரில் எந்த விண்ணப்பமும் சமர்ப்பிக்கப்பட்டிருக்கவில்லை.

அமைச்சிலும் காவல்துறையிலும் புகார் கொடுத்திருக்கிறோம். முகவரின் எண் இப்போது இயங்கவில்லை. ஊரிலிருந்து ஆள் எடுக்கும் முதலாளிகள், முகவர் வழியாக அல்லாமல் அந்த ஆளிடம் ஒருமுறை நேரடியாகப் பேசி, யாருக்கு எவ்வளவு கொடுத்தார் என்று கேளுங்கள். முதல் வாரத்திலேயே நான் அப்படிப் பேசியிருந்தால், அவருடைய மனைவியின் நகைகள் அடகுக்குப் போவதற்கு முன் அது தெரிய வந்திருக்கும்.