கூட்டாகக் கட்டிய மென்பொருள் ஒருவர் கைக்குப் போன கதை

நான்கைந்து பேர் சேர்ந்து, காசு வாங்காமல், ஓய்வு நேரத்தில் ஒரு கட்டற்ற மென்பொருள் (யாரும் நிரலைப் பார்க்கவும் மாற்றவும் பகிரவும் கூடியது) தொடங்கப் போகிறீர்களா? முதல் வரி நிரல் எழுதும் முன் இதைப் படித்துவிடுங்கள். சிறு நூலகங்கள் புத்தகக் கணக்கு வைத்துக்கொள்வதற்காக நாங்கள் செய்த செயலி இன்று எங்களிடம் இல்லை. அதை எடுத்துக்கொண்டவர் வெளியாள் அல்ல. முதல் நாளிலிருந்தே கூட இருந்தவர்.

நிரல் எழுதுவது, வடிவமைப்பு, பிழை பார்ப்பது என்று ஆளுக்கொரு வேலை எடுத்துக்கொண்டோம். டொமைன் (இணைய முகவரி) வாங்குவது, நிரலைச் சேமித்துப் பகிரும் தளமான கிட்ஹப்பில் ஆர்கனைசேஷன் (குழுவுக்கான கணக்கு) திறப்பது, பிளே ஸ்டோர் கணக்கு, நன்கொடைக் கணக்கு என்று யாருக்கும் பிடிக்காத வேலைகள் மிச்சம் இருந்தன. அவரே முன்வந்து அத்தனையையும் எடுத்துக்கொண்டார். "நீங்கள் நிரலைப் பாருங்கள், இந்தத் தலைவலி என்னோடு போகட்டும்" என்றார். எல்லாம் அவர் சொந்தப் பெயரில், அவர் மின்னஞ்சலில் பதிவானது. கிட்ஹப்பில் ஓனர் அவர் ஒருவர்தான், மற்றவர்கள் வெறும் மெம்பர். ஓனர் நினைத்தால் யாரையும் எந்த நேரத்திலும் வெளியே தள்ளலாம். தடுக்க மெம்பருக்கு எந்த வழியும் கிடையாது.

அப்புறம் ஒரு பங்களிப்பாளர் ஒப்பந்தம் வந்தது. பெரிய திட்டங்கள் எல்லாவற்றிலும் இது உண்டு, வெறும் சம்பிரதாயம்தான் என்று சொல்லி, எல்லோரையும் ஒப்புக்கொள்ள வைத்தார். நீளமான ஆவணம். அதன் நடுவில், பங்களிப்புகளை "ஒருங்கிணைப்பாளர் தாம் விரும்பும் எந்த உரிமத்திலும்" வெளியிடலாம் என்று ஒரு வரி. ஒருங்கிணைப்பாளர் என்று அதில் குறிப்பிடப்பட்டிருந்தது ஓர் அமைப்பு அல்ல, அவர் தனிநபராக.

இந்த இடத்தில் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். எங்கள் நிரல் ஜிபிஎல் 3 உரிமத்தில் இருந்தது; அதாவது யாரும் பயன்படுத்தலாம், மாற்றலாம், ஆனால் பிறருக்குக் கொடுக்கும்போது அதே உரிமத்தில் நிரலையும் திறந்தே கொடுக்க வேண்டும். அந்த ஒப்பந்தம் இல்லாதிருந்தால், அவரவர் எழுதிய பகுதியை எந்த உரிமத்தில் வெளியிடுவது என்ற முடிவு அவரவரிடமே இருந்திருக்கும். எங்கள் எல்லோருடைய சம்மதமும் இல்லாமல் அதை மூடிய மென்பொருளாக மாற்ற முடிந்திருக்காது. அந்த ஒரு வரி அந்தப் பாதுகாப்பையே எடுத்துவிட்டது. பங்களிப்பவரிடமிருந்து "இது நான் எழுதியதுதான், கொடுக்கும் உரிமை எனக்கு உண்டு" என்ற உறுதி மட்டும் போதுமென்றால் அதற்கு எளிய வழி ஏற்கெனவே இருக்கிறது. லினக்ஸ் இயங்குதளத்தின் மையமான கெர்னல் திட்டம் 2004 முதல் அப்படித்தான் செய்கிறது: ஒவ்வொரு கமிட்டின் (பதிவு செய்யும் ஒவ்வொரு மாற்றத்தின்) அடியிலும் எழுதியவர் தன் பெயரோடு 'சைன்ட் ஆஃப் பை' என்று ஒரு வரி சேர்க்கிறார். உரிமை யாருக்கும் கைமாறுவதில்லை.

ஒரு நாள் வழக்கம்போல ஒரு திருத்தத்தை ஏற்றப் பார்த்தேன். அனுமதி இல்லை என்று வந்தது. குழுவில் கேட்கலாம் என்று போனால் அங்கிருந்தும் எங்களை நீக்கியிருந்தார். இணையதளத்தில் எங்கள் பெயர்கள் இருந்த பக்கமே காணவில்லை. கிட்ஹப்பில் பழைய ரெப்போ (நிரலும் அதன் வரலாறும் இருக்கும் களஞ்சியம்) மறைந்து அதே பெயரில் புதியது இருந்தது, உள்ளே ஒரே ஒரு கமிட், அவர் பெயரில். இரவெல்லாம் உட்கார்ந்து நாங்கள் தீர்த்த பிழைகள், எங்களுக்குள் நடந்த வாதங்கள், எதற்கும் அங்கே தடயம் இல்லை. கொஞ்ச நாளில் செயலி கட்டணச் சந்தாவுக்கு மாறியது. நன்கொடைக் கணக்கில் என்ன இருந்தது என்று கேட்டோம், இன்றுவரை பதில் இல்லை.

நிரல் எங்களிடம் இருக்கிறது. நிரலின் மாற்றங்களைப் பதிவுசெய்யும் கருவியான கிட்டில் எடுத்த ஒவ்வொரு குளோனிலும் (பிரதியிலும்) முழு வரலாறும் இருக்கும், ஜிபிஎல்லில் வெளிவந்த பதிப்பைத் திரும்ப மூடவும் முடியாது. ஆனால் நிரல் மட்டும் போதாது என்று அப்போதுதான் தெரிகிறது. இஷ்யூக்களும் (பிழை அறிக்கைகளும் கோரிக்கைகளும்) விவாதங்களும் குளோனில் வராது, அவை போனது போனதுதான். ஆண்ட்ராய்டில் ஏற்கெனவே இருக்கும் செயலியின்மேல் புதுப்பதிப்பு ஏற வேண்டுமென்றால் அதே சைனிங் கீயால் (செயலியில் கையொப்பமிடும் ரகசியச் சாவியால்) கையொப்பமிட்டிருக்க வேண்டும். கீ அவரிடம். ஆகவே எங்கள் ஃபோர்க் (பழைய நிரலிலிருந்து பிரித்தெடுத்த பதிப்பு) வேறு பெயரில் புதுச் செயலியாகத்தான் வெளிவர முடிந்தது. நாங்கள் வெளியேற்றப்பட்டதுகூடத் தெரியாமல் பழைய பயனர்கள் அங்கேயே இருக்கிறார்கள்.

இது எங்களுக்கு மட்டும் நடப்பதல்ல. 2009-இல் சென்டோஸ் என்ற லினக்ஸ் இயங்குதளம் போன்ற பெரிய திட்டத்திலேயே டொமைனும் நன்கொடையும் நிறுவனர்களில் ஒருவரிடம் மட்டும் இருந்தன. அவரைப் பிடிக்க முடியாமல் சக உருவாக்குநர்கள் பகிரங்கக் கடிதம் எழுத வேண்டியதாயிற்று. அதற்குப் பிறகே அவர் பேச வந்தார். 2022-இல், கிட்ஹப் போல நிரலைச் சேமிக்க உதவும் கட்டற்ற மென்பொருளான கிட்டீயின் டொமைன்களும் வணிகமுத்திரையும் ஒரு நிறுவனத்தின் கைக்குப் போனது வெளியே தெரிந்ததும், பங்களிப்பாளர்களில் ஒரு பகுதியினர் பிரிந்து ஃபோர்ஜெஜோ என்ற தனித் திட்டத்தைத் தொடங்கினார்கள். அதன் டொமைன்களை இப்போது கோட்பெர்க் என்ற லாபநோக்கற்ற சங்கம் வைத்திருக்கிறது. தனிநபர் பெயரில் வைக்காமல் இப்படி ஓர் அமைப்பிடம் கொடுப்பது எனக்குச் சரியான வழியாகப் படுகிறது.

சின்னக் குழுவுக்கு அவ்வளவு தூரம் போக முடியாதுதான். ஆனால் கிட்ஹப்பில் இரண்டு ஓனர்களாவது வைக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது, கிட்ஹப்பே அதைத்தான் பரிந்துரைக்கிறது. டொமைன் பதிவுக் கணக்கின் கடவுச்சொல்லும் சைனிங் கீயின் நகலும் இரண்டு பேரிடம் இருக்கட்டும். நன்கொடை வாங்குவதாக இருந்தால் ஓப்பன் கலெக்டிவ் போல வரவும் செலவும் எல்லோருக்கும் தெரிகிற இடத்தில் வாங்குங்கள். ஒருவர் சொந்தக் கணக்குக்கு வேண்டவே வேண்டாம். ஒப்பந்தம் என்று எது வந்தாலும் உரிமை யாருக்குப் போகிறது என்ற வரியைத் தேடிப் படியுங்கள். அங்கே ஒரு தனிநபர் பெயர் இருந்தால் ஒப்புக்கொள்ளாதீர்கள்.

ஏற்கெனவே இப்படி ஒரு குழுவில் இருப்பவர்கள் இன்றைக்கே கேட்டுவிடுங்கள்: டொமைன் யார் பெயரில், ஓனர் யார் யார், கீ எங்கே, பணம் எங்கே. "என்மேல் நம்பிக்கை இல்லையா?" என்றுதான் எங்களுக்குப் பதில் வந்தது. உங்களுக்கும் அதே பதில் வந்தால் அங்கே வாக்குவாதம் வேண்டாம். முதலில் ரெப்போவைப் புதிதாக ஒருமுறை குளோன் செய்து, இஷ்யூக்களையும் இறக்கி வைத்துக்கொண்டு, அதற்கப்புறம் பேச்சைத் தொடருங்கள்.